இயல் 6: விறகு உலைக்குத் தொங்கு கூரை அமைத்தல்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் பறிக்கப்படும் கொழுந்து, வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய படிகளைக் கடந்து உலர்த்திக்குள் நுழையும்போது, அதன் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு வரை நீராக இருக்கக்கூடும். உலர்த்தியிலிருந்து வெளிவரும் தூளிலோ மூன்று பங்கு நீரே எஞ்சியிருக்க வேண்டும். ஒரு கிலோ தூள் கிடைக்க ஏறக்குறைய 1.4 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் கணக்கு. அதற்கான வெப்பத்தைச் சுமந்து வருவது சூடான காற்று; அந்தக் காற்றைச் சூடாக்குவது விறகோ வேறு திட எரிபொருளோ எரியும் உலை. தேயிலை அருகிலுள்ள எந்த வாடையையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் பொருள் என்பதால், எரிந்த புகைவளி ஒரு பக்கமும் உலர்த்தும் காற்று மறுபக்கமுமாக ஓட, இரண்டுக்கும் இடையே இரும்புக் குழாய்ச் சுவர் நின்று பிரிக்கும் மறைமுகச் சூடாக்கமே தேயிலை ஆலைகளில் நிலைபெற்றது. கச்சார்ப் பகுதியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த சாமுவேல் டேவிட்சன், 1881இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தொடங்கிய சிரோக்கோ பட்டறையின் உலர்த்திகள் இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றன.

கேமரன் மலையில் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காடு திருத்திக் கன்று நட்டது முதல், கொழுந்து பறித்து, ஆலையில் தீ மூட்டியது வரை அத்தோட்டங்களின் உழைப்பில் பெரும்பங்கு தமிழ்த் தொழிலாளர்களுடையது. இந்த இயல் அவ்வகை மலைத் தோட்ட ஆலையின் காற்றுச்சூடாக்கி உலையை மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது. ஆனால் கணக்குக்காக எடுத்துக்கொள்ளப்படும் உலை எந்த ஒரு தோட்டத்துக்கும் உரியதன்று. அதன் உள் அகலம் 2.4 மீட்டர், நீளம் 3 மீட்டர், தீத்தட்டிலிருந்து கூரை வரையிலான உயரம் 2 மீட்டர். கூரையின் உள்முகத்தில், அதாவது தீயைப் பார்க்கும் அனல் முகத்தில், வெப்பநிலை 900 பாகை செல்சியஸ். வேறு அளவுடைய உலைக்கு இதே வழியில் எண்களை மாற்றிக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வளைவும் தொங்கலும்

உலையின் மேல்மூடி இரண்டு வகையில் அமையும். வளைவுக் கூரையில் ஆப்பு வடிவத் தீச்செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அவற்றின் எடை முழுவதும், சுவரின் தலைப்பில் சரிந்த முகத்துடன் வைக்கப்படும் சாய்தாங்கு கல் வழியாகப் பக்கச் சுவர்களைச் சென்றடைகிறது. தொங்கு கூரையில் கற்கள் ஒன்றையொன்று தாங்குவதில்லை. ஒவ்வொரு கல்லும் தன் தலைப்பில் உள்ள பொழிவாயில் மாட்டிய கொக்கியால் மேலே உள்ள இரும்புச் சட்டகத்திலிருந்து தனித்தனியாகத் தொங்குகிறது. முதல் வகையில் சுவர் கூரையைச் சுமக்கிறது. இரண்டாம் வகையில் சுவருக்கும் கூரைக்கும் எடைத் தொடர்பே இல்லை.

வளைவு சுவரைக் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, வெளிநோக்கியும் தள்ளுகிறது. அந்தக் கிடைத்தள்ளலின் அளவை அறிய, ஒரு மீட்டர் நீளமுள்ள வளைவின் எடையை அகலத்தால் பெருக்கி, வளைவின் ஏற்றத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். ஏற்றம் என்பது வளைவின் உச்சி, அதன் அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதாகும். வழக்கமாக ஏற்றம் அகலத்தில் எட்டில் ஒரு பங்காக வைக்கப்படுவதால், தள்ளல் ஏறக்குறைய எடைக்குச் சமமாகிவிடும். எடுத்துக்காட்டு உலையில் 230 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளைவு ஒரு மீட்டர் நீளத்துக்கு 1,200 கிலோ எடையிருக்கும். ஆகவே 3 மீட்டர் நீளச் சுவர் ஒவ்வொன்றையும் 3.6 டன் விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கல் சூடேறி விரியும்போது இது மேலும் கூடும். அதைத் தாங்கச் சுவருக்கு வெளியே இரும்புத் தூண்களும், அவற்றை உலையின் மேலாகக் குறுக்கே பிணைக்கும் இழுகம்பிகளும் வேண்டும்.

அகலம் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும் சிறிய உலைக்கு வளைவே போதும். அங்கே தொங்கு கூரை அமைப்பது வீண் செலவு. அகலம் இரண்டரை மீட்டரைத் தாண்டினாலோ, கூரையின் நடுவே எரிபொருள் விழும் துளை வைக்க வேண்டியிருந்தாலோ தொங்கு கூரையைத் தவிர்ப்பது கடினம். எடுத்துக்காட்டு உலை இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் நிற்கிறது. முடிவைத் தீர்மானிக்கும் காரணம் அகலத்தில் இல்லை, கேமரன் மலையின் பருவத்தில் இருக்கிறது. அஸ்ஸாமில் குளிர்காலத்தில் செடி துளிர்ப்பதை நிறுத்துவதால், ஆலைக்கு ஆண்டுதோறும் நீண்ட ஓய்வு கிடைக்கிறது. உலையை முழுவதும் பிரித்துக் கட்ட அங்கே காலம் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் கேமரன் மலையிலோ ஆண்டு முழுவதும் கொழுந்து வந்துகொண்டே இருக்கிறது. பறித்த கொழுந்து காத்திருக்காது. எனவே உலையின் பழுது எதுவாயினும் ஓரிரு நாள் விடுப்புக்குள் முடிய வேண்டும்.

வளைவுக் கூரை இதற்கு ஒத்துழைப்பதில்லை. காலையில் தீ மூட்டியதும் விரிந்து உயர்ந்து, தீ தணிந்ததும் தாழும் வளைவில் ஒவ்வொரு முறையும் இணைப்புகள் சற்றே திறக்கின்றன. திறந்த இடுக்கில் சாம்பல் விழுகிறது. மறுநாள் கற்கள் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாமல் ஒன்றையொன்று கூடுதலாக நெருக்க, விளிம்புகள் நொறுங்குகின்றன. ஒரு கல் கழன்றால் அதன் வரிசையே நிலைகுலையலாம். ஒரு பகுதியை மாற்ற வேண்டுமானால் கீழே மரச்சாரம் கட்டி, அக்கம்பக்கத்தையும் பிரித்தாக வேண்டும். தொங்கு கூரையில் கெட்ட கல்லை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டலாம். முதற்செலவு கூடுதலாயினும், ஓய்வில்லாத ஆலைக்கு இந்த ஒரு பண்பே அதை ஏற்கப் போதுமான காரணம்.

எடையின் வழி

அடர்ந்த தீச்செங்கல் ஒரு கன மீட்டருக்கு 2,100 கிலோ என்று கொண்டால், 230 மில்லிமீட்டர் உயரக் கல் ஒரு சதுர மீட்டருக்கு 483 கிலோ எடை தரும். இதனோடு மேலே வைக்கப்படும் வெப்பக்காப்புப் பலகைக்கு 20 கிலோவும், கொக்கி, தாங்குசட்டம் ஆகியவற்றுக்கு 65 கிலோவும் சேர்த்து, சதுர மீட்டருக்கு 570 கிலோ என்று வடிவமைப்பது நல்லது. 7.2 சதுர மீட்டர் கூரைக்கு மொத்தம் 4.1 டன் ஆகிறது.

கல்லின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது, அதைத் தூக்கி மாட்டப்போகும் மனிதரை நினைவில் கொள்ள வேண்டும். பெரிய கல் என்றால் கொக்கிகளின் எண்ணிக்கை குறையும் என்று கருதி, முகம் 300க்கு 230 மில்லிமீட்டர் உள்ள கல்லைத் தேர்ந்தால், ஒரு கல்லே 33 கிலோ இருக்கும். குனிந்த நிலையில் சட்டகங்களுக்கு இடையே கையை நுழைத்து அதை மாட்டுவது விபத்தை அழைப்பதாகும். முகம் 230க்கு 150 மில்லிமீட்டர் என்றால் எடை 17 கிலோவுக்குள் நிற்கும். கூரைக்கு ஏறக்குறைய 210 கற்கள் வேண்டும். ஒரு கல்லைக் கொக்கியில் மாட்டி அதன் விலாவில் உள்ள வரம்பின் மீது இரு பக்கத்துக் கற்களைச் சாய்த்து வைக்கும் முறையும் உண்டு. கொக்கி மிச்சமாகும், ஆனால் நடுக்கல் விழுந்தால் மூன்றும் விழும். கல் ஒவ்வொன்றும் தனிக் கொக்கியில் தொங்குவதே தோட்ட ஆலைக்கு ஏற்றது. கல்லின் வடிவங்கள் இரண்டோ மூன்றோ வகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவ்வளவு முக்கியம், ஏனெனில் மாற்றுக்கல் சமவெளியிலிருந்து தாப்பாச் சாலையின் வளைவுகளில் ஏறி வர வேண்டும். ஒவ்வொரு வகையிலும் பத்துக்கு ஒன்று வீதம் உதிரிக் கல் ஆலையிலேயே ஈரம் படாமல் அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

கொக்கியின் மேல்முனை திருகுமரையும் சுரையும் கொண்டு தாங்குசட்டத்தில் நிற்கும். தாங்குசட்டங்கள் உலையின் குறுக்கே 600 மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் செல்லும் விட்டங்களில் தொங்கும். விட்டங்கள் சுவரைத் தொடாமல், தரையிலிருந்து எழும் தனித் தூண்களில் அமரும். ஒரு விட்டத்தின் மேல் வரும் எடை 820 கிலோ. தூணுக்குத் தூண் இடைவெளி 3.3 மீட்டர் என்றால், 125 மில்லிமீட்டர் உயரமுள்ள ஐ-வடிவ எஃகு விட்டம் அதைத் தாங்கும். அதன் நடுவில் 4 மில்லிமீட்டர் அளவு தொய்வு ஏற்படும். எல்லாக் கற்களையும் மாட்டிய பிறகு சுரைகளைத் திருகி மட்டத்தைச் சரிசெய்துவிடலாம் என்பதால், இந்தத் தொய்வு தீங்கில்லாதது. விட்டத்தின் அடிக்கும் கல்லின் தலைக்கும் இடையே 400 மில்லிமீட்டருக்குக் குறையாத வெளி இருக்க வேண்டும். கையும் சாவியும் நுழைய அந்த வெளி தேவை. காற்று ஓட அதைவிடத் தேவை.

கொக்கியின் வெப்பநிலை

தொங்கு கூரையின் வடிவமைப்பில் கல்லைப் பற்றிய கவலை எளிதில் பிறந்துவிடுகிறது. இரும்பைப் பற்றிய கவலை பிறப்பதில்லை. உண்மையில் 900 பாகையில் நல்ல தீச்செங்கல் பல ஆண்டுகள் நிற்கும். கூரை விழும்போது பெரும்பாலும் முதலில் தோற்பது கொக்கிதான், அதுவும் எடையால் அன்று. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி ஒன்றில் 17 கிலோ தொங்கினால், சதுர மில்லிமீட்டருக்கு வரும் இழுவிசை ஒன்றரை நியூட்டன் மட்டுமே. குளிர்ந்த நிலையில் சாதாரண மென் எஃகு அதைப்போல் நூறு மடங்கை அச்சமின்றித் தாங்கும். ஆனால் 550 பாகைக்கு மேல் மென் எஃகின் மேற்பரப்பு காற்றில் செதில் செதிலாகப் பொருக்கு விட்டு உதிர்ந்து மெலிகிறது. கூடவே, சிறிய எடையிலும் இரும்பு காலப்போக்கில் மெல்ல மெல்ல நீளும் ஊர்வு என்னும் தன்மை தலைகாட்டுகிறது. எனவே கேட்க வேண்டிய முதற்கேள்வி, கொக்கி கல்லைப் பற்றும் இடத்தில் எத்தனை பாகை இருக்கும் என்பதே.

கொக்கியின் முனை கல்லின் தலைப்பிலிருந்து 65 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். கூரையின் மேல் வேறு எந்தப் போர்வையும் இல்லை; தீச்செங்கல்லின் வெப்பங்கடத்தும் திறன் மீட்டர்-பாகைக்கு 1.2 வாட், மேலே உள்ள காற்று 25 பாகை. இந்நிலையில் கல்லின் தலைப்பு 205 பாகையளவில் நிற்கும். கூரை வழியே சதுர மீட்டருக்கு 3,600 வாட் வெப்பம் வெளியேறும். கொக்கி முனையில் வெப்பநிலை 400 பாகை. மென் எஃகுக் கொக்கி இதில் நீண்ட காலம் வாழும்.

அடுத்து, எரிபொருளைச் சேமிக்கும் நல்ல நோக்கத்துடன் கல்லின் மேல் 75 மில்லிமீட்டர் வெப்பக்காப்புப் பலகை பரப்பப்படுகிறது என்று கொள்ளலாம். வெளியேறும் வெப்பம் சதுர மீட்டருக்கு 1,150 வாட்டாகக் குறைகிறது. பலகையின் மேற்பரப்பு 105 பாகைக்கு இறங்கிவிடுகிறது. தொட்டுப் பார்ப்பவருக்குக் கூரை முன்னைவிட நலமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் பலகைக்கு அடியில் கல்லின் தலைப்பு 205 பாகையிலிருந்து 680 பாகைக்கு ஏறியிருக்கும். கொக்கி முனை 740 பாகையில் நிற்கும். கூரையின் வெளித்தோற்றம் குளிர, உள்ளே இரும்பு செந்நிறம் பெறுகிறது. மென் எஃகுக் கொக்கிகளோடு கட்டப்பட்ட பழைய கூரையின் மேல் பின்னாளில் எவரேனும் காப்புப் போர்வை விரிப்பதே தொங்கு கூரைக்கு இழைக்கப்படும் மிகப் பெரிய தீங்கு. அதன் விளைவு சில மாதங்கள் கழித்தே வெளிப்படுவதால், காரணத்தோடு அதை இணைத்துப் பார்ப்பவரும் குறைவு.

இதற்காக வெப்பக்காப்பே கூடாது என்று முடிவுசெய்வதும் தவறு. மேற்கண்ட கணக்கில் மிச்சமாகும் வெப்பம் முழுக் கூரைக்கும் ஏறக்குறைய 18 கிலோவாட். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உலை எரிந்தால், அது உலர்ந்த விறகில் 40 கிலோவுக்கு மேல் தரும் வெப்பத்துக்குச் சமம். மலைக்கு எரிபொருள் ஏற்றும் ஆலை இதை ஆண்டுக்கணக்கில் இழக்கக் கூடாது. தீர்வு, கொக்கியின் உலோகத்தை முதல் நாளிலேயே மாற்றுவதில் இருக்கிறது. கல்லுக்குள்ளும் காப்புக்குள்ளும் புதையும் பகுதி 304 தரத் துருப்பிடிக்கா எஃகாகவும், காப்புக்கு மேலே காற்றில் நிற்கும் பகுதி மென் எஃகாகவும் அமைத்து, இரண்டையும் இணைக்கும் முடிச்சு காப்பின் மேற்பரப்புக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். 304 தரம் 740 பாகையில் இவ்வளவு சிறிய இழுவிசையை எளிதில் ஏற்கும். செம்பனைக் கொட்டை ஓடு போன்ற உலர்ந்த, சூடு மிகுந்த எரிபொருளால் அனல் முகம் 1,050 பாகையைத் தொடக்கூடும் என்றால், அதே கணக்கில் கொக்கி முனை 865 பாகையை எட்டும். அது 304 தரத்தின் எல்லைக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே குரோமியமும் நிக்கலும் மிகுந்த 310 தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கணக்குகள் கொக்கி தன் வழியே மேலே கடத்திச் செல்லும் வெப்பத்தைச் சேர்க்காதவை; உண்மை வெப்பநிலை சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால் பிழை பாதுகாப்பின் பக்கம் சாய்கிறது.

தேயிலை ஆலைக்கே உரிய இன்னோர் ஆபத்தும் இங்கே உண்டு. சலிக்கும் அறையிலிருந்தும் உலர்த்தியிலிருந்தும் பறக்கும் தேயிலைத் தூசும் நுண்ணிழைகளும், உலைவாயிலிருந்து எழும் சாம்பலும் கூரையின் மேல் நாள்தோறும் படிகின்றன. 20 மில்லிமீட்டர் தடிமனுக்குப் படிந்த தளர்ந்த தூசு, காப்பில்லாத கூரையின் கொக்கி முனையை 400 பாகையிலிருந்து 630 பாகைக்கு உயர்த்தப் போதுமானது. எவரும் வடிவமைக்காத, எவரும் விலை கொடுக்காத காப்புப் போர்வை அது. அதோடு தானும் புகைந்து தீப்பற்றக்கூடியது. உலைக்கும் சலிக்கும் அறைக்கும் நடுவே முழுச்சுவர் எழுப்புவதும், வாரந்தோறும் தீ தணிந்த நாளில் கூரையின் மேற்புறத்தை உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்வதும் அதனால் அமைப்பின் உயிரோடு தொடர்புடைய வேலைகளாகின்றன. துடைப்பத்தால் பெருக்கினால் தூசு இடுக்குகளுக்குள் இறங்கும்.

மழையும் மூடுபனியும் மிகுந்த மலையில் ஆலைக் கொட்டகையை இறுக மூடிவைக்கும் பழக்கம் இயல்பானது. உலைக்கு மேலே மட்டும் அந்தப் பழக்கத்துக்கு இடம் தரக் கூடாது. கொட்டகையின் உச்சியில் மழைச்சாரல் புகாத காற்றுத்திறப்பு அமைத்து, கூரையிலிருந்து எழும் வெங்காற்று தேங்காமல் வெளியேற வழி செய்ய வேண்டும்.

கல்லின் தேர்வு

விறகுச் சாம்பலில் பொட்டாசியமும் கால்சியமும் மிகுதி. பொட்டாசியம் ஆவியாகி எழுந்து கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து, அலுமினாவுடனும் சிலிக்காவுடனும் சேர்ந்து பருமன் பெருக்கும் புதுக் கனிமங்களை உண்டாக்குகிறது. அதனால் கல்லின் முகம் தோடு தோடாகப் பெயர்ந்து விழுகிறது. அலுமினா கூடக்கூடக் கல் உயர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், இத்தகைய உலையில் அது எப்போதும் பொருந்துவதில்லை. 40 விழுக்காட்டை ஒட்டிய அலுமினாவும் குறைந்த நுண்துளையும் உடைய, நன்கு சுட்ட தீக்களிமண் கல்லின் முகத்தில் பொட்டாசியம் பட்டதும் கெட்டியான கண்ணாடிப் படலம் உருவாகி, மேலும் உள்ளே புகுவதைத் தடுக்கிறது. விலை உயர்ந்த கல்லைவிடத் துளை குறைந்த கல்லையே நாட வேண்டும். தினமும் சூடேறித் தணியும் உலைக்குச் சிலிக்காச் செங்கல் எவ்வகையிலும் ஆகாது. 300 பாகைக்குள்ளேயே அதன் பருமன் திடீரென மாறுவதால் சில வாரங்களில் பிளந்துவிடும்.

வந்திறங்கும் ஒவ்வொரு கல்லையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, மணி போன்ற ஒலி எழாததை ஒதுக்குவது கொத்தனார்களின் பழைய சோதனை. இன்றும் அதற்கு மாற்றில்லை. கொக்கி மாட்டும் பொழிவாயின் உதட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தக் கல் கூரைக்குப் போகக் கூடாது, சுவருக்குப் போகலாம்.

விரிவுக்கு இடம்

தீக்களிமண் கல் 900 பாகையில் மீட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். 2.4 மீட்டர் அகலத்தில் 12 மில்லிமீட்டரும், 3 மீட்டர் நீளத்தில் 15 மில்லிமீட்டரும் விரிவுக்கு ஒதுக்கப்பட வேண்டும். கூரையின் நான்கு ஓரங்களிலும் இந்த இடைவெளியைப் பிரித்துவைத்து, அமுங்கக்கூடிய செராமிக் இழைப் போர்வையை மடித்துச் செருகலாம். உடலில் கரையும் வகை இழையைக் கேட்டு வாங்குவதும், வெட்டும்போது முகக்கவசம் அணிவதும் அவசியம்.

மறக்கப்படுவது மேல்நோக்கிய விரிவு. 2 மீட்டர் உயரச் சுவர் சூடேறும்போது 10 மில்லிமீட்டர் உயரும். தொங்கும் கூரையோ தனித் தூண்களில் நிற்பதால் உயராது. சுவரின் தலைப்புக்கும் கூரை ஓரக்கல்லின் அடிக்கும் இடையே இழைப் போர்வை அமுங்கிய பின்னும் 10 மில்லிமீட்டர் அசைவுக்கு இடமில்லையென்றால், சுவர் கூரையைக் கீழிருந்து முட்டித் தூக்கும். தூக்கப்பட்ட கல்லின் கொக்கி தளர்ந்து, பக்கத்துக் கல் விரிசல் காணும். கூரை சுவரின் மேல் உட்காரக் கூடாது. சுவருக்குள் செருகி இறுகவும் கூடாது.

இழுவையும் கூரையும்

உலைக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதையே இழுவை என்கிறோம். நீர்மட்டத்தின் மில்லிமீட்டரில் அது அளக்கப்படுகிறது. சூடான வளி இலேசானது என்பதால், உலைக்குள் மேலே செல்லச் செல்ல அழுத்தம் வெளியை ஒப்பிடக் கூடிக்கொண்டே போகும். கடல் மட்டத்தில் இந்த ஏற்றம் மீட்டருக்கு 0.9 மில்லிமீட்டர், 1,400 மீட்டர் உயரத்தில் காற்றே 15 விழுக்காடு அடர்வு குறைந்திருப்பதால் 0.75 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இழுவைமானி தீத்தட்டின் மட்டத்தில் பொருத்தப்பட்டு ஒரு மில்லிமீட்டர் குறையழுத்தத்தைக் காட்டினால், பணியாளர் நிறைவடைந்துவிடுவார். ஆனால் அதே நேரத்தில் 2 மீட்டர் மேலே, கூரையின் அடியில் அரை மில்லிமீட்டர் மிகையழுத்தம் இருக்கும். அந்த மிகையழுத்தம் 900 பாகை வளியைக் கல்லின் இடுக்குகள் வழியே மேலே தள்ளி, நேராகக் கொக்கியின் மேல் வீசச் செய்யும். மேலே போட்ட கணக்குகள் எல்லாம் அப்போது பொருளற்றுப் போகும்; கசியும் புகை ஆலைக்குள் பரவித் தூளில் ஏறும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே இழுவைமானியின் குழாய் கூரைக்குச் சற்றுக் கீழே இணைக்கப்பட வேண்டும். அங்கே எப்போதும் அரை மில்லிமீட்டர் குறையழுத்தம் காட்ட வேண்டும். தீத்தட்டில் அது 2 மில்லிமீட்டராக இருக்கும். இதைவிடக் கூடுதலாக இழுத்தால் குளிர்காற்று இடுக்குகளில் புகுந்து வெப்பத்தை வீணாக்கும். விசிறியை வாங்கும்போது உயரத்தைச் சொல்லி வாங்காவிட்டால், சமவெளிக் கணக்கில் செய்த விசிறி மலையில் அதே சுற்றில் 15 விழுக்காடு குறைந்த எடைக் காற்றையே தள்ளும்.

மாட்டுதலும் முதல் தீயும்

கற்களை மாட்டும் வேலை உலையின் பின்சுவரிலிருந்து தொடங்கி வாயை நோக்கி வர வேண்டும். கூரையின் கற்களுக்கிடையே சாந்து பூசக் கூடாது. பின்னர் ஒரு கல்லைத் தனியே எடுக்க முடியாதபடி அது பிணைத்துவிடும். முகங்கள் ஒன்றையொன்று இலேசாகத் தொட்டு நிற்கட்டும். சுத்தியலால் அடித்து நெருக்குவதும் ஆப்பு செருகுவதும் விரிவுக்கு வைத்த இடத்தைத் திருடிவிடும். சுரையை இறுக்கும்போது கல் தன் எடையில் தொங்கும் அளவே போதும். ஒவ்வொரு கல்லும் கையால் தள்ளினால் சற்றே அசைய வேண்டும். அசையாத கல் எங்கோ பக்கத்துக் கல்லின் எடையையும் ஏற்றிருக்கிறது என்று பொருள்.

மலையின் ஈரக்காற்றில் கிடந்த கல்லும், ஓரங்களை அடைக்கப் பயன்படும் வார்ப்புக் காரையும் நிறைய நீரைப் பிடித்துவைத்திருக்கும். முதல் நாள் முழுவதும் சிறு தீயில் 120 பாகையைத் தாண்டாமல் காய வைக்க வேண்டும். பிறகு மணிக்கு 25 பாகை வீதம் 350 பாகை வரை ஏற்றி, ஆறு மணி நேரம் நிறுத்த வேண்டும். அதன்பின் மணிக்கு 50 பாகை வீதம் வேலை வெப்பநிலைக்குக் கொண்டுபோகலாம். மூன்று நாள் பிடிக்கும் இந்த வேலையைக் கொழுந்து குவிந்துகிடக்கிறது என்பதற்காக ஒரே நாளில் முடித்தால், உள்ளே சிக்கிய நீராவி காரையை வெடித்துச் சிதறச் செய்யும். முதல் தீ அணைந்து கூரை குளிர்ந்ததும் எல்லாச் சுரைகளையும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

அன்றாட ஓட்டத்தில் கூரையைக் கெடுப்பது குளிர்காற்றின் திடீர் அடிதான். தீயை அணைத்த கையோடு உலைவாயைத் திறந்து, விசிறியையும் ஓடவிட்டுச் சீக்கிரம் குளிர்விக்க முயன்றால், அனல் முகம் சுருங்க உட்புறம் சூடாகவே நிற்க, கல்லின் முகத்திலிருந்து சில்லுகள் பெயரும். வாயையும் காற்றுத்தட்டியையும் மூடி, இரவு முழுவதும் தானாகத் தணிய விடுவதே முறை.

பார்வையிடலும் கல் மாற்றலும்

தொங்கு கூரையின் நலத்தை மேலிருந்தே அறியலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், இடுக்குகளில் செவ்வொளி தெரியும் இடம் வளி கசியும் இடம். ஒரு கொக்கியின் தண்டு மட்டும் பக்கத்தவற்றைவிட நிறம் மாறிப் பொருக்கு விட்டிருந்தால், அதன் அடியில் கல் மெலிந்திருக்கிறது. கொக்கிகளுக்கு வரிசை எண் இட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்டின் விட்டத்தை அளந்து ஏட்டில் குறித்துவந்தால், 12 மில்லிமீட்டர் கம்பி 9 மில்லிமீட்டருக்கு மெலிவதற்குள் அதை மாற்றிவிடலாம். கீழிருந்து பார்க்கையில் கல்லின் உயரம் 230இலிருந்து 150 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால், கொக்கி முனை தீக்கு நெருங்கிவிட்டது என்று கொண்டு அந்தக் கல்லையும் மாற்ற வேண்டும்.

மாற்றும் வேலை உலை முழுவதும் ஆறிய பிறகே தொடங்கலாம். உலையின் உட்புறம் மலேசியச் சட்டநெறிப்படி அடைபட்ட பணியிடமாகக் கருதப்பட வேண்டியது; புகைவளி தங்கியிருக்கக்கூடும் என்பதால், காற்றைச் சோதிக்காமலும் வெளியே காவலுக்கு ஒருவர் நிற்காமலும் எவரும் உள்ளே போகக் கூடாது. கூரையின் கீழே பலகை விரித்து, விழும் துண்டுகளை அது ஏற்கும்படி செய்த பின், மேலிருந்து காப்புப் பலகையின் ஒரு துண்டை எடுத்து, பழைய கல்லைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சுரையைக் கழற்றி மேல்வழியே தூக்கிவிடலாம். கல் பக்கங்களில் சாம்பலால் ஒட்டியிருந்தால் மரக்கட்டையால் மெல்லத் தட்டித் தளர்த்த வேண்டும். புதிய கல்லோடு புதிய கொக்கியையும் மாட்டுவது சிக்கனமானது, ஏனெனில் ஒரு முறை செந்நிறம் கண்ட பழைய கொக்கி எவ்வளவு நாள் நிற்கும் என்று அதன் தோற்றத்தைக் கொண்டு சொல்ல முடியாது. தேர்ந்த இருவர் சேர்ந்தால் இவ்வாறு பல கற்களை ஒரே விடுமுறை நாளில் மாற்றி, புதிய கற்கள் காய்வதற்கான சிறு தீயையும் அன்று மாலையே மூட்டிவிடலாம்.